பனையேற்றப் பருவம்: மதுரைச் சமவெளியில் ஏறுவோரின் உடலும் உழைப்பும்

பனையேற்றப் பருவம் என்பது பனைமரங்கள் பாளை விடத் தொடங்கும் தை, மாசி மாதங்களிலிருந்து ஆடி வரை நீளும் பதநீர்க் காலம். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும், அதன் கிழக்கிலும் தெற்கிலும் விரிந்து கிடக்கும் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களிலும் இந்த ஆறு மாதமே பனையேறிகளின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்தது. இப்பருவத்தில் ஒருவர் நாள்தோறும் இரண்டு வேளை, முப்பது நாற்பது மரங்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற மெலிந்த, உரமேறிய உடல் பனையேறியின் முதல் கருவியாக இருந்தது.

இந்த உடல் ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர்களுக்கு இயல்பாகவே வாய்த்தது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளிலும் ஊர்வழக்கிலும் பரவலாக இருந்தது. தொழிலின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. பனையேறும் உடல் பயிற்சியால் உருவாவது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் புதிதாகப் பழக்கப்படுத்தப்படுவது. பழக்கம் விட்டுப்போனால் ஒரே தலைமுறையில் மறைந்துவிடக் கூடியது.

சமவெளியும் பனையும்

இன்றைய மதுரை மாவட்டத்தைவிட ஆங்கிலேயர் காலத்து மதுரை மாவட்டம் மிகப் பெரியது. ஜே. எச். நெல்சன் 1868-இல் மதுரை நாட்டைப் பற்றிய விரிவான கையேட்டை எழுதியபோது சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களும் அதனுள் அடங்கியிருந்தன. 1910-இல்தான் இராமநாதபுரம் தனி மாவட்டமானது. வைகைப் பாசனம் எட்டிய இடங்களில் நெல் விளைந்தது. பாசனம் எட்டாத மேட்டு நிலங்களிலும், செம்மண் தேரிகளிலும், கண்மாய்க் கரைகளிலும், கிழக்கே கடலை நோக்கிச் சரியும் வறண்ட நிலத்திலும் பனை நின்றது. மழை பொய்த்த ஆண்டிலும் பனை பாளை விட்டது. அதனால் பஞ்ச காலங்களில் சமவெளி மக்களுக்கு நுங்கும் கிழங்கும் பதநீரும் கைகொடுத்தன.

பனைக்குக் கிளை கிடையாது. அடி முதல் நுனி வரை பிடித்து ஏற எதுவும் இல்லாத ஒற்றைத் தண்டு அது. தொல்காப்பியத்தின் மரபியல் வெளிப்புறம் வைரமேறியவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமேறியவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்த வகைப்பாட்டின்படி பனை ஒரு புல். காற்றில் வளைந்து கொடுக்கும் தன்மையும், சிராய்ப்பை உண்டாக்கும் கரடுமுரடான கடினப் புறமும் அதற்கு உண்டு. ஏறுபவரின் மார்பும் உள்ளங்கையும் பாதமும் அந்தப் புறத்தோடுதான் நாள் முழுவதும் உரச வேண்டும்.

நாள் தவறாத ஏற்றம்

பதநீர் இறக்குவது பழம் பறிப்பது போன்ற வேலை அன்று. முதலில் மரத்தின் உச்சியில் காய்ந்த மட்டைகளையும் பன்னாடையையும் கழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பின்பு இளம் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, மரத்தாலான கடிப்பினால் சில நாட்கள் இதமாக நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகே பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார்கள். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதநீர் இறங்கும். இரண்டின் பாளையையும் பக்குவம் செய்யும் முறை வேறு.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் கள்ளாகும். பனையேறியின் பிற்கால வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது இந்தச் சுண்ணாம்புப் பூச்சின் வேறுபாடுதான்.

சீவிய வாய் காய்ந்துவிட்டால் சாறு நின்றுவிடும். ஆகவே காலையிலும் மாலையிலும் ஏறி மீண்டும் ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து ஏறாமல் விட்டால் அந்தப் பாளையின் பலன் போய்விடும். காய்ச்சல், திருவிழா, துக்க வீடு என எதற்காகவும் மரம் காத்திருப்பதில்லை. தனக்கு உடம்பு முடியாத நாளில் உறவினர் ஒருவரை ஏற்றி விடுவதைத் தவிர ஏறுபவருக்கு வேறு வழி இல்லை.

ஏற்றத்தின் கணக்கு

இந்த உழைப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு மரத்தின் உயரம் சராசரியாக 15 மீட்டர் என்று கொள்வோம். 40 மரங்களில் இரண்டு வேளை ஏறினால் ஒரு நாளின் மொத்த ஏற்றம் 1,200 மீட்டர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம் கொண்டது. அதை ஒரே நாளில் 23 முறை செங்குத்தாக ஏறி இறங்குவதற்கு இது சமம். எவரெஸ்டின் தெற்கு அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்திலும் சிகரம் 8,849 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே உள்ள உயரம் 3,485 மீட்டர். உறைபனியும் உயிர்வளிக் குறைவும் பனையேறிக்கு இல்லை. ஆனால் உயரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த ஏற்றத்தை அவர் மூன்று நாளில் முடித்து நான்காம் நாள் மறுபடியும் தொடங்குகிறார்.

எவரெஸ்ட் ஏறுவோரின் முதன்மைப் பருவமும் பங்குனி, சித்திரை, வைகாசியை ஒட்டியதே. தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முன் ஏறி முடிக்க வேண்டும். அதற்காக அவர்கள் பல மாதங்கள் முன்பே உடல் எடையைச் சீர்செய்து, படிக்கட்டுகளில் சுமையோடு ஏறிப் பழகுகிறார்கள். உடலில் கூடுதலாக உள்ள ஒவ்வொரு கிலோவையும் உச்சி வரை சுமந்தாக வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பனையேறிக்கும் இதே விதிதான். 5 கிலோ கூடுதல் எடை என்பது 5 கிலோ மூட்டை ஒன்றை நாள்தோறும் 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாகும். அந்தக் கூடுதல் பாரம் கால்களோடு நிற்பதில்லை. மரத்தை அணைத்திருக்கும் கைகளுக்கும் தோள்களுக்கும் போகிறது. பிடி தளர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

பருவத்துக்கு உடல் பழகுதல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பதநீர் ஏற்றம் இல்லை. நனைந்த மரம் வழுக்கும். அந்த மாதங்களில் பனையேறிகள் விவசாயக் கூலி வேலைக்குப் போனார்கள், வேலி அடைத்தார்கள், கூரை வேய்ந்தார்கள். மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கு பிடுங்கினார்கள். ஏறாத மாதங்களில் காய்ப்பேறிய தோல் மென்மையாகும், தசைகள் பழக்கம் இழக்கும். பருவம் தொடங்கும்போது உடல் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இதற்குத் தனியான உடற்பயிற்சிக் கூடம் எதுவும் இருக்கவில்லை. பருவத்தின் போக்கே பயிற்சிமுறையாக அமைந்தது. எல்லா மரங்களும் ஒரே நாளில் பாளை விடுவதில்லை. முதலில் உச்சியைச் சுத்தம் செய்யும் வேலைக்காகச் சில மரங்களில் மட்டும் ஏறுவார்கள். பாளை வெளிவந்த மரங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேரும். நாட்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை பத்து, இருபது என்று வளர்ந்து, கோடை முற்றும்போது முழு அளவை எட்டும். சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது என்று இன்றைய விளையாட்டுப் பயிற்சியாளர்கள் சொல்லும் நெறி இங்கே மரத்தின் இயல்பிலேயே இருந்தது. மழைக்காலத்தில் உடலில் சேர்ந்த சதை இந்த வாரங்களில் கரைந்தது. உள்ளங்கை, முன்கை, மார்பு, பாதம் ஆகியவற்றின் தோல் உரிந்து, பின் தடித்துக் காய்ப்பேறியது.

சிறுவர்கள் தொழில் பழகியதும் இவ்வாறே. முதலில் உயரம் குறைந்த வடலிகளில் ஏறப் பழகினார்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கற்பது கடினம். இறங்கும்போது உடல் எடை கீழ்நோக்கி இழுக்கும். பார்வைக்குப் படாத இடத்தில் பாதம் பிடிப்பைக் கண்டுகொள்ள வேண்டும். உச்சியில் மட்டைகளின் நடுவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அரிவாளைக் கையாளும் சமநிலை கடைசியாகத்தான் வரும். தந்தையோ மாமனோ கீழே நின்று சொல்லிக் கொடுக்க, இந்த அறிவு உடல் வழியாகவே கைமாறியது. எழுதி வைக்கப்பட்ட பாடநூல் எதுவும் இதற்கு இருந்ததில்லை.

மெலிந்த உடலை முழுவதும் பயிற்சியின் விளைவாகக் கொள்வதும் சரியாகாது. வறுமைக்கும் அதில் பங்கு உண்டு. பெரும்பாலான மரங்கள் ஏறுபவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ மரத்தைப் பெற்று, வாங்கிய முன்பணத்தைக் கருப்பட்டியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பருவம் முடியும்போது கடன் தீர்ந்தால் போதும் என்ற நிலையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மழைக்கால மாதங்கள் பசியின் மாதங்களாகவும் இருந்தன.

கருவிகள்

பனையேறியின் கருவிகள் குறைவு, எளியவை. இரு பாதங்களையும் இணைக்கும் தளைநார் அவற்றில் முதன்மையானது. கன்னியாகுமரி வட்டாரத்தில் இதைத் திளாப்பு என்பர். பாதங்கள் மரத்தின் இரு பக்கமும் அழுந்தும்போது இந்த வளையம் இறுகிப் பிடிப்பைத் தருகிறது. முழங்காலை மடக்கிக் கால்களை மேலே இழுத்து, பாதத்தை ஊன்றி, உடலை மேல்நோக்கி உந்துவதே ஒரு எட்டு. உந்து விசையைத் தருவது கால்கள்தான். கைகள் உடலை மரத்தோடு அணைத்து நிறுத்துகின்றன. கைவலிமையை நம்பி ஏறுபவர் சில மரங்களிலேயே களைத்துவிடுவார்.

மார்பைச் சிராய்ப்பிலிருந்து காக்கத் தோல் அணிவதும் உண்டு. ஏறத் தொடங்கும்போது மரத்தில் சாய்த்து வைத்துக்கொள்ளும் முருக்குத்தடி, இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி, அதனுள் பாளை சீவும் அரிவாள், கடிப்பு, சுண்ணாம்புப் பெட்டி, பதநீரை இறக்கிவரும் குடுவை ஆகியவை மற்ற கருவிகள். இவற்றோடு ஏறி, சில லிட்டர் பதநீரோடு இறங்க வேண்டும்.

இதே மரத்தை வேறு முறையில் ஏறுவோரும் உண்டு. தெலங்கானாவின் கௌடு சமூகத்தினர் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து வளைக்கும் கயிற்றில் சாய்ந்தபடி ஏறுகிறார்கள். தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் ஏறும் முறையும் ஏறுவோரின் சமூகமும் தெற்கிலிருந்து வேறுபடுகின்றன. முறை மாறும்போது உடலில் காய்ப்பேறும் இடங்களும் வலுப்பெறும் தசைகளும் மாறுகின்றன.

மரம் தந்த உணவு

ஏறுபவரின் காலை உணவு பெரும்பாலும் பதநீர்தான். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சர்க்கரை உள்ளது. எனவே ஒரு லிட்டர் பதநீர் ஏறத்தாழ 400 கிலோகலோரி ஆற்றலைத் தரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1,200 மீட்டர் ஏற மட்டும் செலவாகும் ஆற்றல் சுமார் 700 கிலோகலோரி. மரத்தைப் பிடித்து நிற்பதும், இறங்குவதும், மரத்துக்கு மரம் நடப்பதும் இதில் சேரவில்லை. விடியலில் குடித்த பதநீரே அன்றைய ஏற்றத்துக்குப் பெருமளவு ஈடுகொடுத்தது. வெயிலில் வேர்த்து இழந்த நீரையும் அது நிரப்பியது. பதநீரோடு கருப்பட்டியும் கூழும் பனங்கிழங்கும் உணவாக இருந்தன.

இறக்கிய பதநீர் புளிக்கும் முன் காய்ச்சப்பட வேண்டும். இது பெண்களின் உழைப்பு. ஓலையால் வேய்ந்த விடிலியில் அடுப்பின் முன் மணிக்கணக்கில் நின்று, விறகு தள்ளி, பாகு பதம் வரும் வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினார்கள். விறகு பொறுக்குவதும் அவர்கள் வேலையே. பருவந்தோறும் குடும்பத்தோடு பனங்காடுகளுக்குக் குடிபெயர்ந்து விடிலிகளிலேயே தங்கும் வழக்கம் தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் இருந்துவருகிறது. ஆண் ஏறிய ஒவ்வொரு மரத்துக்கும் பெண் அடுப்பில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் பனைத்தொழிலைப் பற்றிய பழைய எழுத்துகளில் ஏறும் ஆணுக்குக் கிடைத்த இடம் காய்ச்சும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

உடலைப் பார்த்த எழுத்துகள்

1841-இல் இடையன்குடிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பனையேறும் முறையையும் அன்றாட உழைப்பின் கடுமையையும் அதில் விவரித்தார். அதே நூலில் அம்மக்களின் அறிவுத்திறனையும் பண்பாட்டையும் தாழ்த்தி எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் கூறினார். அந்த நூல் பின்னர் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. எதிர்த்து எழுதியவர்களுள் சட்டம்பிள்ளை முக்கியமானவர்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1909-இல், எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் ஏழு தொகுதிகளாக வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டவர். அந்தக் காலத்தின் அறிவியல் உடலைப் பிறப்பின் அடையாளமாகவே பார்த்தது. வடலியில் ஒரு சிறுவன் எத்தனை முறை வழுக்கி விழுந்து ஏறப் பழகினான் என்பது எந்த அளவுகோலிலும் பதிவாகவில்லை. கற்றுக்கொண்ட திறன் பிறவிக் குணமாக எழுதப்பட்டது. பிறவிக் குணம் என்று ஆனபின் அதற்குரிய கூலியோ மதிப்போ பேசப்படவில்லை.

மதுரை நீதிமன்றத்தில் பனைத்தொழில்

பனைத்தொழிலோடு சேர்த்துப் பேசப்பட்ட இழிவு நீதிமன்றம் வரை சென்றது. கருப்பட்டி வணிகத்தில் தொடங்கிச் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்து நாடார்கள் வளர்ந்திருந்த காலம் அது. உறவின்முறைகளும், வணிகப் பொருள்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும் அவர்களின் பொது நிதிக்கு அடிப்படையாயின. 1897-இல் கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். மதுரை சார்பு நீதிமன்றம் 1899-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றமும், 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தன.

கள் இறக்கும் தொழிலையும் பிறப்பையும் இணைத்த வாதம் இந்த வழக்கில் முக்கிய இடம் பெற்றது. வழக்கை எதிர்கொண்டவர்கள் மரம் ஏறியவர்கள் அல்லர், வணிகர்கள். ஏறுவதை விட்டுவிட்ட பின்னும் ஏறியதன் பெயரால் அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர்.

1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. கள் இறக்குவதைக் கைவிடும்படி சங்கம் தன் மக்களை வலியுறுத்தியது. பள்ளிகளும் கல்வி உதவியும் பெருகின. 1921-இல் அரசு ஆவணங்களில் சாணார் என்ற சொல்லுக்குப் பதிலாக நாடார் என்ற பெயர் ஏற்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர்.

இந்த நாற்பது ஆண்டுகளில் பல குடும்பங்கள் மரத்தைவிட்டு இறங்கின. அது இழிவிலிருந்தும் கடனிலிருந்தும் உயிர் ஆபத்திலிருந்தும் விடுதலை. பிள்ளைகளை ஏறப் பழக்காமல் பள்ளிக்கு அனுப்பியது தெரிந்தே எடுத்த முடிவு. பனையேற்றம் குறைந்ததைப் பற்றி இன்று வருந்துவோர் இந்தப் பின்னணியையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

மதுவிலக்கும் கருப்பட்டியும்

1937-இல் ராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. கள் இறக்கியவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. ஆனால் கலயத்தில் இருப்பது பதநீரா கள்ளா என்பதைச் சோதிக்கும் அதிகாரம் காவல் துறைக்கும் ஆயத்தீர்வைத் துறைக்கும் வந்தது. மரம் ஏறுபவர் ஒவ்வொரு நாளும் ஐயத்துக்கு உரியவரானார். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின் மீண்டும் மாற்றங்கள் நிகழ்ந்து, 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது.

இக்காலத்தில் பனைத்தொழிலுக்கு வலுவான பொருளியல் நியாயத்தை முன்வைத்தவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த இவர், 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தார். கரும்பு நல்ல நீர்வளமுள்ள நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது, பனை தரிசிலும் மேட்டிலும் வளர்கிறது. ஆகவே சர்க்கரைத் தேவையைப் பனையிலிருந்து நிறைவு செய்தால் பாசன நிலத்தில் உணவு தானியம் விளைவிக்கலாம் என்பது அவர் வாதம். ஆலை பறிக்கும் வேலையைக் கிராமத்துக்குத் திருப்பித் தரவும் அது வழி என்றார்.

குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில், 1940-இல் கோ. வேங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தார். கரும்பும் ஆலைச் சர்க்கரையும் வளர்ந்த வேகத்துக்கு முன் அவர் வாதம் நிற்கவில்லை. பனைவெல்லத்தின் விலை ஏறுபவரின் உழைப்புக்கு ஈடாகவும் இல்லை. கருப்பட்டிக்குச் சீனிப்பாகு கலக்கும் வழக்கம் சந்தையில் பரவியது அசல் கருப்பட்டி காய்ச்சியவர்களை மேலும் பாதித்தது.

இயந்திரமும் உடலும்

மரத்திலிருந்து விழுவது தென்னிந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. விழுந்து உயிர் பிழைத்த பனையேறி இடுப்புக்குக் கீழே அசைவின்றி வாழ நேர்ந்த கதை பனங்காட்டு ஊர்களில் புதிதல்ல. எனவே பாதுகாப்பான ஏறுகருவியின் தேவை நீண்ட காலமாக உணரப்பட்டது.

கேரளத்தில் செம்பேரி ஜோசப் வடிவமைத்த, காலால் மிதித்து ஏறும் கருவி தென்னை ஏற்றத்தை எளிதாக்கியது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் மூலம் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும், பெண்களும்கூட, சில நாட்களில் மரம் ஏறக் கற்றனர். பயிற்சி பெற்ற எவரும் ஏறலாம் என்பதை இது நடைமுறையில் காட்டியது.

பனையில் இந்தத் தீர்வு அதே அளவுக்குப் பலிக்கவில்லை. பனையின் அடி பருமனாகவும் மேற்பகுதி ஒடுங்கியும் இருப்பதால் கருவியின் பிடியை ஏறும்போதே சரிசெய்ய வேண்டும். மட்டை வெட்டாத மரத்தில் அடிக்கட்டைகள் தடுக்கும். தேங்காய் பறிக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறினால் போதும். பதநீருக்கு நாளுக்கு இரண்டு முறை, பல மரங்களில், விரைவாக ஏற வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கருவியை மாட்டிக் கழற்றும் நேரத்தில் பழகிய பனையேறி ஏறி இறங்கிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி உச்சி வரைதான் கொண்டுபோகும். பாளையைப் பதப்படுத்தும் கைப்பக்குவத்தை அது தராது.

தெலங்கானா அரசு 2024-இல் ஏறுவோருக்குக் கயிறும் வாரும் கொண்ட பாதுகாப்புத் தொகுப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் முறையை மாற்றாமல் விழுவதைத் தடுப்பது அதன் நோக்கம்.

இன்றைய நிலை

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் அறிவிக்கப்பட்டது. சிறந்த பனையேறும் கருவியை வடிவமைப்போருக்கு விருதும் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க் கரைகளில் பனைவிதை நடும் இயக்கங்களில் மதுரை வட்டாரப் பள்ளி, கல்லூரி மாணவர்களும் பங்கேற்கிறார்கள்.

விதைக்கப்படும் பனை முதல் பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஏறத் தெரிந்த கடைசித் தலைமுறை முதுமை அடைந்துவிடும் என்பதே இன்று பனைத்தொழில் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல். நிற்கும் மரங்களிலேயே பெரும்பாலானவை ஏற ஆளின்றி உள்ளன. கோடையில் மதுரைத் தெருக்களில் நுங்கும் பதநீரும் விற்கின்றன. அதைக் குடிப்போருக்கும் அதை இறக்கியவருக்கும் இடையில் உள்ள தொலைவு கூடிக்கொண்டே போகிறது.

பனையேற்றத்தைத் தொடர விரும்புவோர் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. ஏறுபவருக்கு விபத்துக் காப்பீடும், முதுமையில் ஓய்வூதியமும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். பதநீருக்கும் கருப்பட்டிக்கும் உழைப்புக்கேற்ற விலை வேண்டும். ஏறும் திறனைச் சாதியோடு கட்டாமல், விரும்பும் எவருக்கும் முறையாகக் கற்பிக்கும் பயிற்சி வேண்டும். கடைசிக் கோரிக்கை நிறைவேற, வடலியில் தொடங்கி உச்சியில் முடியும் அந்தப் பாடத்தைச் சொல்லித்தரக் கூடியவர்கள் இன்னும் பனங்காடுகளில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். மாசி பிறந்ததும் தளைநாரை நனைத்து எடுத்து, முதல் சில மரங்களில் நிதானமாக ஏறி, உடலை அந்த ஆண்டுப் பருவத்துக்கு மீண்டும் பழக்குகிறார்கள்.